வண்டியில் அரசியல் பேசக் கூடாது

புது வண்டி வந்த அன்று, செங்கல்பட்டில் நாங்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் பாய் வண்டியை எடுக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பி, ஒரு தகரப் பலகையைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் பூச்சின் மேல் சிவப்பு எழுத்து. மூலைகளில் துரு ஏறியிருந்தது. "பழைய வண்டிலேர்ந்து கழட்டினேன். இதுலயும் மாட்டணுமா, வாணாமா? நீங்களே சொல்லுங்க" என்றார். ஒருவரும் நிமிரவில்லை. பாதிப் பேர் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் கைப்பேசியில் தலையை விட்டிருந்தார்கள். கேட்ட மனிதர் கையைத் தூக்கியபடியே இருந்தது சங்கடமாக இருந்ததால் நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். 'வண்டியில் அரசியல் பேசக் கூடாது.' படித்ததும் என் வலது தோள் தானாகக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. அந்தப் பக்கம்தான் பல ஆண்டுகளாக லைப்ரரி மேடம் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் அலுவலகம் கடற்கரையோரம் இருக்கிறது, மத்திய அரசைச் சேர்ந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதி நான் வம்பில் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. செங்கல்பட்டில் வீடு வைத்திருப்பவர்கள் சேர்ந்து வாடகைக்கு அமர்த்திய வேன்தான் பாயுடையது. அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எல்லோருக்கும் அவர் பாய்தான். நான் சேர்வதற்கு முன்பு, ஏதோ ஒரு தேர்தல் சமயத்தில், கணக்குப் பிரிவுக்காரர்கள் இரண்டு பேர் திருக்கழுக்குன்றத்துத் திருப்பத்தில் எழுந்து நின்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்களாம். ஒருவருடைய மூக்குக் கண்ணாடி பறந்துபோய் பாயின் மடியில் விழுந்ததாம். மறுநாளே அவர் பலகை வாங்கப் போய்விட்டார். "டீக்கடைக்கு, சலூனுக்குன்னு ரெடிமேடா வெச்சிக்கிறான் மேடம். ஆனா 'இங்கு'ன்னு போட்டுக்கிறான். நம்ம ஜனம் இன்னா பண்ணும்? ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டிகினு பேசும். அதான் 'வண்டியில்'னு தனியா எழுதச் சொன்னேன்" என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஜனம் தலையை வெளியே நீட்டவில்லை. அதைவிட நல்ல வழியைக் கண்டுபிடித்தது. எங்களுக்கு 'வண்டி' என்ற பெயரில் ஒரு வாட்ஸப் குழு இருந்தது. 'இன்று வரவில்லை', 'ஒரு நிமிடம், செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன்', 'மழை, குடை இல்லை, வாசல் வரை வரவும்' என்று பாய்க்குத் தகவல் சொல்ல ஆரம்பித்த குழு. பலகை வந்த பிறகு வாயால் பேச முடியாத அரசியலெல்லாம் அதற்குள் போய் இறங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வண்டியைப் போல ஒழுக்கமான வண்டி தமிழ்நாட்டில் கிடையாது. அத்தனை பேரும் தலை குனிந்து அமைதியாக வருவோம். உள்ளே விரல்கள் வெட்டிக்கொண்டும் குத்திக்கொண்டும் இருக்கும். பாய் மட்டும் நிம்மதியாக ஓட்டுவார்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள். லைப்ரரி மேடம் செய்யூர் பக்கம் பிறந்து, செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டு, கணவர் போன பிறகு வேலையையும் மகனையும் பிடித்துக்கொண்டு நின்றவர். எங்கள் அலுவலக நூலகத்தில் யாரும் திறக்காத புத்தகங்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் எல்லாவற்றையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் பாய்க்குப் பின்னால் இருக்கும் இரட்டை இருக்கையில் ஜன்னல் பக்கம் அவர், உள்பக்கம் நான். குழுவில் எதிரெதிர்ப் பக்கம். சுருக்கமாகச் சொன்னால் நான் மாநிலம், அவர் தேசம். வரிப் பங்கு, மொழி, நுழைவுத் தேர்வு, தொகுதி எண்ணிக்கை, எது வந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் முன்னால் போய் நின்றுவிடுவோம். மற்றவர்கள் கைதட்டும் படங்களையும் தீப்பிடிக்கும் படங்களையும் போட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

அவர் யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிடும் ஆள் இல்லை. ஒரு வார்த்தை எழுதினாலும் சொந்தமாகத்தான் எழுதுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, நான் பார்த்துவிடாமல் கைப்பேசியை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒற்றை ஆட்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார். என் திரையில் அவர் தட்டச்சு செய்கிறார் என்று ஓடிக்கொண்டிருக்கும். காதருகே டிக் டிக் என்று அந்த விரலின் சத்தம் கேட்கும். வேகத்தடை வந்தால் அவர் தோள் என் தோளில் மோதும், "பாத்து" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார், பிறகு மறுபடி தட்டுவார். ஒரு பதிலுக்காக, அதை எழுதிக்கொண்டிருப்பவரின் முழங்கை இடிபட உட்கார்ந்து காத்திருந்ததைப் போன்ற சுவாரசியம் எனக்கு வாழ்க்கையில் வேறெதிலும் கிடைத்ததில்லை.

பேச்சில் அவர் முழுக்கச் செங்கல்பட்டு. எழுத்தில் தமிழாசிரியர் தோற்றுப்போவார். 'அன்புள்ள தோழிக்கு வணக்கம்' என்றுதான் தொடங்குவார். ஒரு முறை நான் வீராவேசமாக ஒரு பத்தி எழுதியதற்கு, 'தோழியின் வாதத்தில் வேகம் இருக்கிறது. விவரம்தான் வழியில் எங்கோ இறங்கிவிட்டது' என்று பதில் போட்டார். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றதாகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் அவரும் ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார்.

வண்டியில் குனிந்து எழுதினால் எனக்கு வயிற்றைப் புரட்டும். அதுவும் திருக்கழுக்குன்றம் தாண்டி வளைவுகள் வரும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வரும். மேடத்தின் கைப்பையில் இதற்கென்றே இஞ்சி மிட்டாய் இருக்கும். "இன்னாம்மா, பெரட்டுதா? மூஞ்சி வெளுத்துப் போய்க்கீது பாரு. இந்தா, வாயில போட்டுக்க. போட்டுகினு எழுது" என்பார். என்னைத் திட்டி எழுதிக்கொண்டே, நான் திருப்பித் திட்டுவதற்குத் தெம்பாக மிட்டாய் கொடுத்த ஒரே ஆள் அவர்தான். வண்டி நின்றதும் கைப்பேசிகள் பைக்குள் போய்விடும். இறங்கி நடக்கும்போது என் மகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்பார், நான் அவருடைய முட்டி வலியைப் பற்றிக் கேட்பேன். குழுவில் நடந்ததைப் பற்றி நாங்கள் வாயால் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கட்சி பார்க்க மாட்டார். மக்களவையையும் மாநிலங்களவையையும் யாராவது குழப்பிவிட்டால் அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. தன் பக்கம் பேசுகிறவர் குழப்பினாலும் விடமாட்டார். பர்ச்சேஸ் பிரிவில் ஒரு தம்பி இருந்தான். என் பக்கத்து ஆள், எனக்குப் பெரிய ரசிகன். அவன் ஒரு நாள், மாநிலங்களவைக்கும் நாம்தானே ஓட்டுப் போட்டு அனுப்புகிறோம் என்று எழுதிவிட்டான். மேடம் அன்று அலுவலகம் போய்ச் சேரும் வரை எழுதிக்கொண்டே வந்தார். எம்.எல்.ஏ.க்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள், அந்த அவை ஏன் ஒருபோதும் முழுவதுமாகக் கலைவதில்லை, எல்லாம் பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தன. கடைசியில் 'அறியாமல் இருப்பது தவறன்று, தம்பி. அறிந்தது போல் இருப்பதுதான் தவறு' என்று முடித்தார். அவன் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிப்போனான்.

அந்தத் தம்பிதான் பிறகு அதைச் செய்தான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதனால்தான் அவனை முழு மூச்சாகத் திட்டக்கூட என்னால் முடியவில்லை. ஒரு தேர்தல் நெருங்கியிருந்தது. வரிப் பங்கைப் பற்றிய சண்டையில் நான், 'மேடம், தேசத்தை நேசிப்பதற்கு என் மாநிலம் மாதா மாதம் வாடகை கட்ட வேண்டுமா?' என்று எழுதினேன். நன்றாக வந்துவிட்டது என்று எனக்கே தோன்றியது. தீப்பிடிக்கும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. தம்பி, மேடத்தின் பழைய பதிவையும் என் இந்த வரியையும் சேர்த்துத் திரையைப் படம் பிடித்து, 'எங்கள் அக்கா கொடுத்த பதிலடி' என்று முகநூலில் ஊரறியப் போட்டுவிட்டான். என் பெயர் தெரியாமல் பத்திரமாக மறைத்தும் வைத்தான். மேடத்தின் பெயரையும் படத்தையும் மறைக்க அவனுக்குத் தோன்றவில்லை. அதற்குள் குழுவில் மேடம் பதில் எழுதியிருந்தார்: 'வாடகையன்று, தோழி; கூட்டுக் குடும்பத்துச் சமையல் செலவு. யார் அதிகம் உண்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன்.' அந்த வரி உலகத்துக்குப் போகவில்லை.

மேடத்தின் படத்தில் மாமல்லபுரம் கடற்கரையில் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு காற்றில் பறக்கும் முந்தானையைப் பிடித்தபடி நிற்பார். அந்தப் படத்தின் கீழே முகம் தெரியாத ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவருடைய வயதைச் சொன்னார்கள். நெற்றியைச் சொன்னார்கள். சாதி என்னவாக இருக்கும் என்று ஆளுக்கொன்றாக ஊகித்தார்கள். நான் இங்கே எழுத மாட்டாத வார்த்தைகளால் அழைத்தார்கள். வடக்கே ஓடிப் போ என்று பலர் சொன்னார்கள். செய்யூரில் பிறந்து, திருப்பதிக்கு அப்பால் வடக்கு எப்படி இருக்கும் என்றே பார்த்திராத பெண்ணிடம்! அத்தனை பேரும் என் பக்கத்து ஆட்கள். ஒவ்வொருவரும் என் வரியைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானே என் பெயரில் உள்ளே போய், அவர் என் தோழி, அவருடைய பதிலையும் படியுங்கள், இது எங்களுக்குள் நடக்கும் பேச்சு என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் நான் விலை போனவள் ஆகிவிட்டேன். மேடத்தின் பக்கத்து ஆட்கள் வேறு கிளம்பி வந்து, அவரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு என் ஊரையும் என் தாயையும் இழுத்தார்கள். தம்பி அழாத குறையாக அந்தப் பதிவை நீக்கினான். அதற்குள் வேறு பலர் அதை எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

யாரோ ஒரு புண்ணியவான் அவர் அரசு ஊழியர் என்று கண்டுபிடித்து அலுவலகத்துக்கும் தெரியப்படுத்தினான். அரசு ஊழியர் பொதுவெளியில் அரசியல் பேசக் கூடாது என்பது விதி. மேடத்துக்கு ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. அந்த நேரத்தில் விசாரணை என்று ஒன்று ஆரம்பித்துவிட்டால் ஓய்வூதியம் நின்று நின்றுதான் வரும் என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். மகனுடைய வேலை அப்போது ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்த ஓய்வூதியத்தை நம்பித்தான் அவர் எல்லாக் கணக்கும் போட்டிருந்தார். நிர்வாக அதிகாரி நல்ல மனிதர், கூப்பிட்டு உட்கார வைத்து, "இந்த வயசுல எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த அறையிலிருந்து வெளியே வந்தவர் வேறு ஆளாக இருந்தார்.

மறுநாள் காலை வழக்கம்போல ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை. "மேடம், அவங்க ஒருத்தரையும் எனக்குத் தெரியாது மேடம்" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ இன்னாம்மா பண்ணுவ. என்னைத் திட்னதுகூடப் பரவால்ல. ரயில்ல, பஸ்ல கேக்காத திட்டா? கொழந்த மூஞ்சி அதுல கீதே. அத யார்யாரோ பாத்துகினு கீறானுங்களே" என்றார். பிறகு பையைத் திறந்து ஒரு இஞ்சி மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். அன்று நான் எதுவும் எழுதவில்லை, எனக்குப் புரட்டவும் இல்லை. ஆனாலும் வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் குழுவிலிருந்து வெளியேறவில்லை, வண்டிக்குத் தகவல் சொல்ல அது வேண்டுமே. படத்தை மட்டும் எடுத்துவிட்டார். சாம்பல் நிறத்தில் ஆளில்லாத தலை ஒன்று அந்த இடத்துக்கு வந்தது. 'இன்று வரவில்லை' என்பதைத் தவிர அதில் அவர் வேறெதுவும் எழுதவில்லை. நான் ஏதாவது போட்டுப் பார்த்தேன். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்குக் கொண்டு போகிறார்களே, நம் ஊர்க் குழாய்க்கு யார் பதில் சொல்வது என்று எழுதினேன். பழைய மேடமாக இருந்தால் மாநிலத்தை ஒரு பிடி பிடித்திருப்பார். ஒன்றும் வரவில்லை. அவர் ஓய்ந்ததும் மற்றவர்களுக்கும் சுவை போய்விட்டது. குழு பழையபடி குடையும் செருப்புமாக ஆனது. ஒரு நாள் பாய் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டார். இல்லை பாய் என்றேன். "சண்ட இல்லன்னாதான் இப்டி கீறீங்களா?" என்றார்.

அவருடைய கடைசி வேலை நாளன்று மாலை போட்டு, வேனிலேயே அவரை வீடு வரை கொண்டு விடுவதாக ஏற்பாடு. எங்கள் அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் அப்படித்தான். பாய் அன்று நேராகப் போகாமல் வண்டியை மாமல்லபுரத்துக்குத் திருப்பினார். கடலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று பாய்க்கு ஆசை. கடைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மேடம் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசலில் நாங்கள் இறக்கிவிட்டதும் இந்த அத்தியாயம் முடிந்துவிடும், அதற்கு முன்பு ஒரே ஒரு முறை அவர் பழையபடி என் மேல் பாய வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. வண்டிக்கு வெளியேதான் இருக்கிறோம், பலகை இங்கே செல்லாது. நான் வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "என்ன இருந்தாலும் மேடம், மாநிலங்களவைக்கும் நாமதானே நேரா ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புறோம்?" என்றேன்.

நான் என்ன செய்கிறேன் என்று தம்பிக்குப் புரிந்துவிட்டது. டீ கிளாஸை வாயருகே வைத்தபடி மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். வந்துவிட்டது என்று நினைத்தேன். உதடு திறந்தது. பிறகு அவர் தம்பியின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த கைப்பேசியைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் படம் எடுத்துக்கொண்டிருந்த யாரோ வெளியூர்ப் பெண்களைப் பார்த்தார். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "நீ சொன்னா சரிதான்."

எத்தனையோ ஆண்டுச் சண்டையில் அவர் என்னோடு ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அதைவிட மோசமான தோல்வியை நான் பார்த்ததில்லை.

மேடம் இப்போது மகனோடு சென்னையில் இருக்கிறார். நான் இன்னும் இணையத்தில் சண்டை போடுகிறேன். போடாமல் இருக்க முடியவில்லை, போட்டாலும் ஒன்றும் ஒட்டுவதில்லை. முகமில்லாத ஒருவருக்கு மாங்கு மாங்கென்று எழுதுகிறேன், அவர் எனக்கு ஒரு சிரிக்கும் படத்தைப் போட்டுவிட்டு வேறு இடத்துக்குச் சண்டைக்குப் போய்விடுகிறார். அவருக்கு வயிற்றைப் புரட்டுகிறதா, அவர் வீட்டில் யாருக்குப் பரீட்சை என்று எனக்குத் தெரியாது. எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஜெயித்த நாட்களில்தான் இன்னும் களைப்பாக இருக்கிறது. மேடத்திடமிருந்து தினமும் காலையில் தவறாமல் ஒரு ரோஜாப் படம் வரும், 'இனிய காலை வணக்கம்' என்று. யாரோ செய்து யாரோ அனுப்பியதை அவர் எனக்குத் தள்ளிவிடுகிறார். நானும் ஒரு கைகூப்பும் படத்தைத் திருப்பி அனுப்புவேன்.

புது வண்டியில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு போன அன்றும் ரோஜா வந்திருந்தது. திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் பட்டதும் எனக்கு என்னவோ பொறுக்கவில்லை. 'மேடம், மாநிலங்களவையைக் கலைத்துவிட்டுத் தேர்தல் வைக்கப் போகிறார்களாமே, உண்மையா?' என்று எழுதி அனுப்பினேன். படித்துவிட்டார் என்று நீல நிறத்தில் இரண்டு கோடுகள் வந்தன. அவர் தட்டச்சு செய்கிறார் என்று வந்தது. எனக்கு அந்த ஒற்றை விரல் தெரிந்தது, கண்ணாடி இறங்குவது தெரிந்தது. வளைவுகள் எல்லாம் போயின, வயிற்றைப் புரட்டியது, நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நிற்கும், மறுபடி ஓடும். அலுவலகத்துக் கேட் தெரிகிற வரை ஓடியது. பிறகு நின்றுவிட்டது. இன்னொரு ரோஜா வந்தது, முந்தியதைவிடப் பெரியது.

அவ்வளவு தூரம் அவர் எழுதியிருக்கிறார். எழுதியதை எல்லாம் அழித்திருக்கிறார்.

எல்லோரும் இறங்கிய பிறகு பாய் என் மடியைக் காட்டி, "இன்னா மேடம், மாட்டட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் பாய் என்று சொல்லி, பலகையை என் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.